வெதுவெதுப்பான கண்ணாடி

நாற்பத்தையாயிரம்.
சீட்டு எடுத்த காசை ரப்பர் வளையம் போட்டு
என் கையில் வைத்துவிட்டுத்
தவமலர் ஒன்றே ஒன்று சொன்னாள்:
"கடுவனுக்கு முதல்ல டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.
பிறகு காசைக் குடுங்க."

நாயைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று
ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும்
நம்பிக்கொண்டே ஆட்டோ ஓட்டினேன்.

இருதயராஜ் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.
ஆணிப் பெட்டிகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவே
கடையையே எழுதி வாங்கியதுபோலப் படுத்திருந்தது சீசர்.
அல்சேஷன். அகன்ற நெஞ்சு.
கொழும்பில் ஜெயித்த கப் இரண்டு கண்ணாடி அலுமாரியில்.
"இவனுக்கா டெஸ்ட்? ஆளப் பாத்தாத் தெரியலியா?"
பார்த்தால் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
எனக்கும் அகன்ற நெஞ்சுதான்.

"போன தடவை எத்தனை குட்டி, முதலாளி?"
தியத்தலாவைப் பொட்டைக்குத் தங்கவில்லையாம்.
அது பொட்டையின் கோளாறாம்.
வெலிமடைப் பொட்டைக்கும் தங்கவில்லை.
அதுவும் அப்படித்தானாம்.
சொல்லிக்கொண்டே தராசுத் தட்டைத் துடைத்தார்,
அதில் தூசி இல்லை.
எனக்குப் பழகிய பேச்சு.
எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக
சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிற பேச்சு.

டெஸ்டுக்கான காசை நானே கட்டுகிறேன் என்றதும்
இறங்கி வந்தார்.

பகல் பதினொரு மணி, எதிர்க் கடை தெரியாத மூடுபனி.
டொக்டர் நிலுஷி சின்னக் கண்ணாடித் துண்டைச்
சுடுதண்ணீர்ப் போத்தலின் மேல் வைத்தார்.
"குளிர்ந்த கண்ணாடியில போட்டா
நல்லா இருக்கிறதும் செத்த மாதிரித் தெரியும்.
அவனுக்கு அநியாயம்."
சிங்களம் கலந்த தமிழில் அந்தச் சொல்
அத்தனை சுத்தமாக விழுந்தது.

மற்றது ஐந்து நிமிடம்.
முதலாளி சுவர்க் கலண்டரைப் படித்தார்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
சீசர் யாரையும் பார்க்கக் கூசவில்லை.

"பாக்கிறீங்களா?" என்றார் டொக்டர்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.
ஹர்த்தால் நாளில் டிப்போவில் நிற்கும் பஸ்களைப் போல
எத்தனையோ.
ஒன்றிரண்டு மட்டும் ஸ்டார்ட் எடுத்து
கேட்டைக் காணாமல்
நின்ற இடத்திலேயே வட்டமடித்தன.
நிமிர எனக்கு நேரம் எடுத்தது.

"போன மாசம் உண்ணிக் காய்ச்சல் வந்தது தானே?
அதாலயும் இருக்கலாம்.
ரெண்டு மாசம் போக இன்னொருக்கா பார்ப்போம்.
இதுல இவன்ட பிழை ஒண்டும் இல்ல."

முதலாளி கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.
"அப்ப அந்தத் தியத்தலாவைப் பொட்டை..."
டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.
குழாய்ச் சத்தத்தில் கேட்டிருக்காது.

சீசருக்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது.
ரிப்போர்ட்டை அது மோந்து பார்த்தது,
தின்பதற்கில்லை என்று விட்டுவிட்டது.
அதன் வால்
மேசைக் காலில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

திரும்பும் வழியெல்லாம் சட்டைப் பையில்
வளையம் அவிழாத காசு.
இன்சூரன்ஸ் கடதாசிக்கு அடியில்
மூன்றாக மடித்த இன்னொரு தாள்.
கண்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் எழுதித் தந்தது.
தவமலர் தன்னுடையதை நாலு தரம் செய்துவிட்டாள்,
ஊசிக்குப் பயந்தவள்.
என்னுடையது
மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கீழே
பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு லாப்.
எத்தனையோ பேரை அங்கே இறக்கிவிட்டிருக்கிறேன்.
ஆட்டோவை ஓரங்கட்டினேன்,
எஞ்சினை நிறுத்தவில்லை.
விறைத்த விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது.
"டெஸ்ட் என்னவாம்?"

"கடுவனுக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம்
எங்கள் மினு குரைப்பது மட்டும் கேட்டது.